முன்னூத்தி எண்பத்தெட்டாவது லூமி

சார், தப்பா நினைச்சுக்காதீங்க. எட்டிப் பாக்கணும்னு பாக்கல, உங்க போன் கண்ணுல பட்டுச்சு. அந்த முட்டையை இப்ப அடைக்கு வைக்காதீங்க. பஸ்ல போற தூரத்தை அந்த விளையாட்டு கணக்குல எடுத்துக்காது. வேகமாப் போனா ஏமாத்துறோம்னு நினைச்சுக்கும். நடந்தாத்தான் பொரியும். பச்சைப் புள்ளி போட்ட முட்டைதானே? அப்ப அஞ்சு கிலோமீட்டர். திருப்பூர்ல இறங்கி நடங்க, பாதி வந்துரும்.

பொண்ணு குடுத்து விட்டுச்சா? நினைச்சேன். நம்ம வயசுல யாரு இதை வச்சுக்கிட்டு மல்லுக்கட்டுவா, என்னைய மாதிரி ஆளைத் தவிர. எத்தனாவது படிக்குது? ஆறாவதா. நல்ல வயசு சார். எங்க தேனு ஆரம்பிக்கிறப்ப நாலாவது. தேன்மொழி, என் தங்கச்சி. அவளைப் பாக்கத்தான் இப்ப போய்க்கிட்டு இருக்கேன். பதினாலு மாசமாச்சு பாத்து.

என் பேரு அழகர்ராஜா. வீட்டுல அழகுன்னு கூப்பிடுவாங்க. திண்டுக்கல் பக்கம், எங்க தாய்மாமாவோட உரக்கடையில இருக்கேன். முப்பத்தஞ்சு வயசாச்சு, இன்னும் போன்ல லூமிங்கிற பொம்மை ஜீவனைப் பிடிக்கிறான்னு கடைக்கு வர்ற சம்சாரிங்கல்லாம் கேலி பண்ணுவாங்க. பண்ணட்டும். அவங்க சீட்டு ஆடுறாங்க, நான் கேட்டேனா?

உங்க பொண்ணு போன்ல விளையாடுறது இருக்கே, அது நேத்து வந்தது சார். இது இருபத்தஞ்சு வருசத்துச் சமாச்சாரம், நாங்க ஆரம்பிச்சே இருவது வருசமாச்சு. எங்க அப்பா சிங்கப்பூர்ல கட்டட வேலையில இருந்தாரு. லீவுக்கு வந்தப்ப உள்ளங்கை அகலத்துல ஒரு மிசினு கொண்டாந்தாரு, அதுலதான் எங்களுக்கு ஆரம்பம். அப்ப மூணாவது பாகம் ஓடிக்கிட்டு இருந்துச்சு. ஒவ்வொரு பாகமும் ரெண்டு கலர்ல வரும். செவப்புல கெடைக்கிற லூமி நீலத்துல கெடைக்காது, நீலத்துல கெடைக்கிறது செவப்புல கெடைக்காது. ஒத்த ஆளா விளையாடி முடிக்கவே முடியாது. இன்னொருத்தர்கிட்ட குடுத்து வாங்கித்தான் ஆகணும். அந்தக் கம்பெனிக்காரன் பண்ணினதுலயே எனக்குப் பிடிச்சது அதுதான். அடுத்த லீவுக்கு அப்பா இன்னொரு மிசினும் இன்னொரு கலரும் வாங்கிட்டு வந்தாரு. எனக்கு செவப்பு, தேனுவுக்கு நீலம். அதுக்கு அடுத்த லீவுக்கு அவரு வரல. சாரம் சரிஞ்சிருச்சுன்னு சொன்னாங்க. பொட்டிதான் வந்துச்சு.

அப்புறம் மாமாதான் எங்களைக் கூட்டிட்டுப் போயி வச்சுக்கிட்டாரு. வேலுச்சாமி மாமா. அம்மாவுக்குத் தம்பி. அவரு இல்லைன்னா நாங்க தெருவுலதான் சார் நின்னிருப்போம். அதை நான் என்னைக்கும் மறக்க மாட்டேன்.

இந்த விளையாட்டுல பிடிக்கிறது பெரிய விசயமில்ல சார். விடாம வர்றதுதான் பெருசு. மூணு வருசத்துக்கு ஒருக்க புதுப் பாகம் போடுவான். பழைய பாகத்துல இருக்கிற லூமியைப் புதுசுக்கு மாத்திக்கிறதுக்கு ஒரு வழி வைப்பான். அந்தப் பாகத்தை வாங்காம விட்டுட்டோம்னு வைங்க, நம்ம பழைய ஜீவனெல்லாம் அங்கயே நின்னுரும். அப்புறம் கொண்டு வரவே முடியாது. நாங்க ஒண்ணுகூட விடல. மூணுல இருந்து ஒன்பது வரைக்கும். அவ நாலாவது படிக்கிறப்ப பிடிச்ச மொத லூமி இன்னைக்கும் அவகிட்ட உசிரோட இருக்கு, இந்தப் போன் விளையாட்டுக்கும் கொண்டாந்துட்டா. அது பேரு பீர்க்கங்கா.

சிரிக்கிறீங்களா? எல்லாத்துக்கும் காய்கறிப் பேருதான் வைப்பா. நெருப்பு கக்குற லூமி, பனைமர ஒசரம், அதுக்குப் பேரு சுண்டைக்கா. நான் பிடிச்சுத் தருவேன், அவ பேரு வைப்பா. எங்களுக்குள்ள அதுதான் வேலைப் பிரிவினை. "ஏண்டி இப்படி வைக்கிற, கௌரவமா ஒரு பேரு கெடைக்கலையா"ன்னா, "நீ பிடிச்சதோட நிறுத்திக்க, பேரு என் டிபார்ட்மெண்ட்"டும்பா. வாய் ஜாஸ்தி. எங்க வீட்டுல வாய்ங்கிறது அவளுக்கு மட்டும்தான் இருந்துச்சு.

லூமி ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர் உண்டு, அவ லிஸ்டுல ஒரே ஒரு ஓட்டை சார். முன்னூத்தி எண்பத்தெட்டு. சாம்பல் கலரு, நெத்தியில வெள்ளைச் சுழி. ஜப்பான்ல ஒரு கண்காட்சியில ஒரே ஒரு நாள் குடுத்தான், அதோட சரி. அவ பத்தாவது படிக்கிறப்ப. நோட்டு அட்டையில வரைஞ்சு வச்சுக்கிட்டுத் திரிஞ்சா. இந்தப் போன் விளையாட்டுல போன வருசம்தான் அதை மறுபடி விட்டான். நாப்பது நாள் ஒரு நாள் தவறாம நடக்கணும். நான் நடந்தேன். என்கிட்ட ரெண்டு இருக்கு, இந்தா பாருங்க.

ஆனா நான் வாங்கினப்ப அவ வீட்டுல இல்ல.

என்ன ஆச்சுன்னா, மாமா பையன் தினகரன் இருக்கான். முறைப்பையன். தேனு பொறந்தப்பவே அவனுக்குத்தான்னு பேச்சு. அவ பி.எஸ்.சி முடிச்சு, ஒரு லேப்புல வேலைக்குப் போயிக்கிட்டு இருந்தா. அங்க ஒரு பையன். எதுக்கு சார் பேரெல்லாம். நம்ம ஆளுக இல்ல, அவ்வளவுதான். நான் ஒண்ணும் அந்த மாதிரியெல்லாம் பாக்குற ஆள் கெடையாது சார், என் கூட லூமி விளையாடுறவங்கள்ல எல்லா ஜனமும் இருக்கு. ஆனா வீடுன்னு ஒண்ணு இருக்குல்ல? மாமா தலை நிமிந்து நடக்கணும்ல?

ஒரு திங்கக்கிழமை வேலைக்குப் போனவ வரல. மறுநாள் ஸ்டேஷன்ல இருந்து போன். போனோம். கழுத்துல தாலியோட நிக்கிறா. மேஜரு, அவளா இஷ்டப்பட்டுத்தான் போறான்னு சொல்லி, இனிமே எந்தத் தொந்தரவும் பண்ண மாட்டோம்னு எழுதி வாங்கிட்டாங்க. மாமா எழுதிக் குடுத்தாரு. அவரு கையெழுத்து ரொம்ப அழகா இருக்கும் சார், அன்னைக்குக் கோழி கிண்டின மாதிரி இருந்துச்சு. அம்மா வீட்டுக்கு வந்து தலை முழுகிருச்சு. அன்னையில இருந்து வீட்டுல அவ பேரை யாரும் எடுக்கிறதில்ல. சுவத்துல இருந்த போட்டோவைக்கூடக் கழட்டிட்டாங்க. ஆணி மட்டும் இருக்கு.

எனக்கு அவ போனதுகூடப் பெரிய வருத்தமில்ல சார். நான் சொன்னா நம்பணும். அன்னைக்குச் சாயங்காலம் விளையாட்டைத் தொறந்து பாக்குறேன், நண்பர்கள் லிஸ்டுல இருந்து என்னைத் தூக்கிட்டா. ஆயிரத்தி நூத்திச் சொச்சம் நாள் சார், தினமும் ஒரு பரிசு அனுப்பி வளத்த நட்பு. ஒரு தட்டுல போச்சு. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல? நான் என்ன தடுத்திருக்கவா போறேன்? சரி, தடுத்திருப்பேன். இருந்தாலும் சொல்லிருக்கலாம்ல?

ரெண்டு மாசம் சாப்பாடே எறங்கல. ஒன்பதாவது பாகம் அப்பதான் வந்திருந்துச்சு. வாங்கி வச்சேன், பிரிக்கல. யாரு பேரு வைக்கிறது?

அப்புறம்தான் யோசிச்சேன். அவ வீட்டை விட்டுருவா, அம்மாவை விட்டுருவா, லூமியை விடமாட்டா. எங்க இருந்தாலும் விளையாடிக்கிட்டுத்தான் இருப்பா. ஐடியை மாத்தியிருப்பா. நானும் ஒரு புது ஐடி போட்டேன். மலர்09. ஈரோட்டுல ஒன்பதாவது படிக்கிற பிள்ளைன்னு. தமிழ்க்காரங்க விளையாடுற குரூப்பு ஒண்ணு போன்ல இருக்கு, ஏழாயிரம் பேரு இருப்பாங்க. அதுல போட்டேன்: "என்கிட்ட முன்னூத்தி எண்பத்தெட்டு ரெண்டு இருக்கு. யாருக்காச்சும் வேணுமா அக்கா அண்ணா?"

ஏகப்பட்ட பேரு வந்தாங்க சார். ஒவ்வொருத்தரையா நண்பராச் சேத்துக்கிட்டேன். சேத்தா அவங்க கூட நடக்கிற லூமி எதுன்னு நமக்குத் தெரியும், அதோட பேரும் தெரியும். அஞ்சாவது நாள் ஒருத்தங்க வந்தாங்க. ஐடி பேரு காய்கறிக்கடை. கூட நடக்கிறது பீர்க்கங்கா.

கடையில மூட்டை மேல உக்காந்துக்கிட்டு அழுதேன் சார். யூரியா நெடின்னு சொல்லிச் சமாளிச்சேன்.

நான்தான்னு சொல்லல. சொன்னா மறுபடி தூக்கிருவா. மலராவே பேசினேன். "அக்கா"ன்னு கூப்பிடுவேன். அவ என்னைய "மலர்க்குட்டி"ம்பா. பள்ளிக்கூடம் எப்படி, கணக்குல எத்தனை மார்க்குன்னு கேப்பா. நான் பொய்க்கு மார்க்கு சொல்லுவேன், கம்மியாச் சொன்னா திட்டுவா. ஒரு நாள் கேட்டேன், ஏன் அக்கா வெளிய எங்கயும் போறதில்லையான்னு. "இல்ல மலர், எங்க வீட்டுக்காரர் வேலைக்குப் போனதும் கதவைப் பூட்டிக்குவேன். சாயங்காலம் பக்கத்துல இருக்கிற பார்க்குக்கு மட்டும் பத்து நிமிசம் போவேன்"னு எழுதினா. பாத்தீங்களா? பூட்டி வச்சிருக்கான் சார் அந்தப் பையன். எங்க வீட்டுல எப்படி வளந்த பொண்ணு. தோட்டம் தொரவுன்னு ஓடித் திரிஞ்சது.

இல்ல சார், அவளே பூட்டிக்கிறதாத்தான் எழுதினா. எதுக்கு அவளே பூட்டிக்கப் போறா? யாருக்குப் பயந்து?

தினமும் பரிசு வரும். உங்க பொண்ணுக்குத் தெரியும், கேட்டுப் பாருங்க. நாம எந்த எடத்துல நின்னு பரிசு எடுத்தோமோ அந்த எடத்தோட படமும் பேரும் பரிசு மேல ஒட்டியிருக்கும். அவ அனுப்புறதெல்லாம் நாலே நாலு எடம். ஒரு தண்ணித் தொட்டி. அதுக்குப் பின்னாடி பார்க்கு. ஒரு பிள்ளையார் கோயில். அப்புறம் இந்த ரெண்டு மூணு மாசமா ஒரு ஆஸ்பத்திரி வாசல். நடையும் கொறஞ்சு போச்சு. எங்க வீட்டுல இருந்தப்ப வாரத்துக்கு நாப்பது கிலோமீட்டர் நடந்தவ, ஆறுக்கு வந்துட்டா. உடம்புக்கு என்னமோ.

ஒரு தடவை எழுதினா: "எனக்கு ஒரு அண்ணன் இருக்காரு மலர். இதை நீ எனக்குக் குடுத்தா, மொதல்ல அவருக்குத்தான் காட்டணும். எங்க வீட்டுலயே அவரு மட்டும்தான் கதவைத் தட்டினா தொறப்பேன்." அதைப் படிச்சப்ப எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல. கடையில கல்லாவுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டுத் தனியாச் சிரிச்சிருக்கேன். மாமா பாத்துட்டாரு.

மாமாகிட்ட நான் பொய் சொன்னதே இல்ல சார்.

திட்டுவாருன்னு நினைச்சேன். அவருக்கு இந்த விளையாட்டுன்னாலே ஆகாது. சின்ன வயசுல ஒரு தடவை மிசினைப் பிடுங்கிக் கெணத்துல போடப் போனவரு. ஆனா அன்னைக்கு ஒரு வார்த்தை திட்டல. ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்துல உக்காந்தாரு. "இதுல என்ன என்ன தெரியும் அழகு, மாமனுக்கும் சொல்லிக் குடு"ன்னாரு. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. பதினஞ்சு நாள் சார். கடை சாத்துற வரைக்கும் தெனமும் ஒரு மணி நேரம். தினகரனும் வந்து உக்காருவான். ரெண்டு பேரு போன்லயும் ஏத்திக் குடுத்தேன். மாமா ஐடி உழவன்65, தினகரன் ஐடி புலி. தேனு போனதுக்கு அப்புறம் எங்க வீட்டுல ஒரு ஆளாச்சும் என் கூட விளையாட வந்தாங்களேன்னு அவ்வளவு சந்தோசம் எனக்கு.

தினகரன் ஒரு லூமிகூடப் பிடிக்கல, அதைச் சொல்லணும். மேப்பைத்தான் பாத்துக்கிட்டே இருப்பான். அந்தத் தண்ணித் தொட்டி எந்த நகர்ல இருக்கு, பார்க்குக்கு எத்தனை வாசல், எத்தனை மணிக்கு வருவா, தனியா வருவாளா, கூட அவன் வருவானா. எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னேன். ஆஸ்பத்திரிப் படத்தைக் காட்டினப்ப மாமா போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்ட வச்சுப் படிச்சாரு. தாய் சேய் நல மருத்துவமனைன்னு போர்டு. போனைத் திருப்பிக் குடுத்துட்டு எழுந்திரிச்சுப் போயிட்டாரு. ரெண்டு நாள் கடைப் பக்கமே வரல. மூணாவது நாள் வந்து, "போயிக் கூட்டிட்டு வந்துருவோம் அழகு. இனி நாள் கடத்தக் கூடாது"ன்னாரு.

கூட்டிட்டு வந்துருவோம்னாரு சார். அவரு வாயால. நீங்க ஏன் இப்படிப் பாக்குறீங்க?

இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, லூமித் திருநாள். உங்க பொண்ணு சொல்லியிருக்குமே. மூணு மணியில இருந்து அஞ்சு மணி வரைக்கும் பெரிய பெரிய லூமியெல்லாம் பார்க்கு, கோயில்னு வந்து எறங்கும். ஒத்த ஆளா அடிச்சா விழாது, மூணு நாலு பேரு சேந்து அடிக்கணும். லூமியை மாத்திக்கிறதும் நேர்ல நின்னாத்தான் முடியும், நூறு மீட்டருக்குள்ள. அதனால மலர் எழுதினா: "அக்கா, நான் அப்பா கூடத் திருப்பூர் வர்றேன். நாலு மணிக்கு உங்க பார்க்குக்கு வர்றேன். சண்டையும் போடலாம், முன்னூத்தி எண்பத்தெட்டையும் குடுத்துடறேன்." எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டு வர்றேன்னு தேனு எழுதினா. வேணாம்க்கா, எனக்கு வெக்கமா இருக்கும், நீங்க மட்டும் வாங்கன்னேன். அது தினகரன் சொல்லிக் குடுத்தது. நானா யோசிக்கல.

மாமா ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு. "எல்லாம் உன் போன்லயே இருக்கட்டும் அழகு. அவகூட நீ மட்டும் பேசு. எங்க பேரு எங்கயும் வர வேணாம். நீதான அண்ணன், முன்ன நிக்க வேண்டியவன்." இத்தனை வருசத்துல மாமா என்னைய முன்ன நிக்கச் சொன்னது இதுதான் மொதத் தடவை.

அவங்க கார்ல போயிட்டாங்க, காலையிலயே. மாமா, தினகரன், அவன் சேக்காளிங்க மூணு பேரு. சொந்தக் கார் வீட்டுல நிக்குது, எங்கயோ இருந்து வேற ஒண்ணு கொண்டாந்தாங்க. எடமில்ல, நீ பஸ்ஸுல வந்துருன்னாங்க. அஞ்சு பேரு எதுக்கு மாமான்னு கேட்டேன். பிள்ளையை அழைக்கப் போறப்ப நாலு பேரு வேணாமான்னாரு. பொண்ணு அழைக்கப் போறதுன்னா பொம்பளைங்கதான சார் போகணும்? பூ, பழம்னு தட்டுல வச்சு? தட்டு ஒண்ணையும் காணோம். அம்மாவைக் கூப்பிட்டேன். "அம்மா, தேனுவைப் பாக்கப் போறோம், சேலை மாத்து"ன்னேன். அம்மா என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டே உள்ள போயிக் கதவைச் சாத்திக்கிருச்சு. தட்டித் தட்டிப் பாத்தேன். உள்ள இருந்து ஒரு சத்தம் வந்துச்சு, அழுற மாதிரி. சந்தோசத்துல அழுதுன்னு நினைச்சுக்கிட்டேன்.

அந்தத் தாராபுரத்துல டயர் பஞ்சர் ஆகாம இருந்திருந்தா இந்நேரம் நான் போயிருப்பேன். மணி மூணு அம்பத்தஞ்சு, இன்னும் கொடுவாயே தாண்டல.

சொல்லலாம் சார், ஏன் சொல்ல முடியாது? இந்தப் போன்ல ஒரு வரி எழுதினாப் போதும், தேனு நான் அழகு, பார்க்குக்கு வராதன்னு. சொன்னா வரமாட்டாளே சார். பதினாலு மாசமாச்சு. அவ மூஞ்சியைப் பாக்க வேணாமா நான்?

எந்த நகரா? எடமெல்லாம் எதுக்கு சார் உங்களுக்கு? நீங்க உங்க சோலியைப் பாருங்க. நான் பேசிக்கிட்டு வந்தேன்னு நீங்க பாட்டுக்கு எதையாச்சும் கற்பனை பண்ணாதீங்க. அவரு எங்களை வளத்தவரு. சோறு போட்டவரு.

இருங்க. வந்துட்டா.

பாருங்க சார், பாருங்க. சண்டைக்கு ஆள் சேருது. காய்கறிக்கடை. வந்துட்டா பாத்தீங்களா, நாலு மணின்னா நாலு மணி. என்னைய அழைக்கிறா. தூரத்துல இருந்து சேந்துக்கிறதுக்கு ஒரு டிக்கெட் இருக்கு, என்கிட்ட ஒண்ணு மிச்சம் இருக்கு. சேந்துட்டேன். "அப்பா வண்டி ட்ராபிக்ல மாட்டிக்கிச்சு அக்கா, பத்து நிமிசத்துல வந்துருவேன்"னு போட்டாச்சு. இந்தா புலி வந்துட்டான். உழவன்65. மாமாவே வந்துட்டாரு சார். நாலு பேரும் இருக்கோம். எங்க குடும்பம் நாலு பேரும் ஒண்ணாச் சேந்து ஒரு எடத்துல இருந்து எத்தனை நாளாச்சு தெரியுமா?

ஆரம்பிச்சிருச்சு. மூணு நிமிசம்தான் டைம். இந்தப் பெருசு மலையாட்டம் இருக்கே, இது பாறை ஜாதி, தண்ணி லூமிதான் போடணும். பாருங்க, பீர்க்கங்காவை எறக்கிட்டா. இருவது வருசத்து லூமி சார் அது. என்ன அடி அடிக்குது பாருங்க. விரலு நிக்காம தட்டுறா. சின்ன வயசுலயே அப்படித்தான், பட்டனைத் தேச்சே போட்டுருவா. பாதி உசிரு போயிருச்சு. மாமா லேசாத்தான் தட்டுறாரு, பழக்கமில்ல. தினகரன் தட்டவே இல்ல.

மாமா நிறுத்திட்டாரு.

என்னது, பீர்க்கங்கா அப்படியே நிக்குது. அடி வாங்கிக்கிட்டு நிக்குது சார், திருப்பி அடிக்கல. டவர் போயிருச்சோ? என் போன்ல முழுசா இருக்கே. தேனு, தட்டுடி. விலகுறதுக்காச்சும் தட்டு. ஒரு தடவை இழுத்தா விலகிரும் சார், அது அவளுக்குத் தெரியாததா?

பீர்க்கங்கா விழுந்துருச்சு. அடுத்த லூமி தானா எறங்கியிருக்கு. அதுவும் சும்மா நிக்குது.

யாருக்கு சார் போன் போடுறீங்க?

போடுங்க. போடுங்க சார். நான் ஒண்ணும் சொல்லல. செம்பருத்தி நகர்னு சொல்லுங்க. திருப்பூர்ல. ரெண்டாவது தண்ணித் தொட்டி, அதுக்குப் பின்னாடி பார்க்கு, ரெண்டு வாசல் இருக்கு, பின்வாசல் முள்ளுக்காட்டுப் பக்கம். அந்தப் பக்கம்தான் காரை நிறுத்தணும்னு பேசிக்கிட்டாங்க. கேட்டேன் சார், நான் அங்கதான் நின்னேன், பேசினதைக் கேட்டேன். போலீசைச் சீக்கிரம் போகச் சொல்லுங்க. அவ வயித்துல பிள்ளை இருக்கு. அஞ்சு மாசம். எனக்குத் தெரியும். அந்த போர்டைப் பாத்த அன்னைக்கே எனக்குத் தெரியும், மாமாவுக்கு முந்தி.

நீங்க பேசுங்க. என்னால பேச முடியாது, நான் தட்டிக்கிட்டு இருக்கேன். இன்னும் நாப்பது செகண்ட் இருக்கு. சண்டை நடக்கிற வரைக்கும்தான் சார் அவ பேரு இதுல இருக்கும்.